உகாண்டாவின் மர்ச்சிசன் அருவி: அம்மாவோடு மூன்று நாள் போதுமா?

கேள்வி: கம்பாலாவில் வேலை பார்க்கிறேன், அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது 65, முழங்கால் வலி உண்டு. மூன்று நாளில் ஜீப் சஃபாரி, நைல் படகு இரண்டும் முடியுமா?

பதில்: தாராளமாக. முதல் நாள் பயணத்திலேயே போய்விடும். மறுநாள் விடியும்போதே நைலின் வடகரையில் இருங்கள், ஒட்டகச்சிவிங்கி, யானை, வாய்த்தால் சிங்கம். வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்கு ஒதுங்கிவிடும் என்பதால் படகை மதியத்துக்கு வையுங்கள். நாங்கள் போனபோது பத்தடியில் ஒரு நீர்யானை மூச்சுவிட்டு, அந்தத் தூவானம் என் கையில் விழுந்தது. இன்னும் மறக்கவில்லை.

பதில்: படகிலிருந்து அருவி உச்சிக்கு ஏறும் பாதை செங்குத்து, அம்மாவை நடக்க வைக்காதீர்கள். உச்சிவரை வண்டியே போகும். ஏழு மீட்டர் பாறை இடுக்கில் நைல் நுழைந்து 40 மீட்டருக்கு மேல் விழுகிறது, அவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் நீலம், கறுப்பு உடை வேண்டாம், செட்சி ஈ மொய்க்கும், சட்டைக்கு மேலேயே கடிக்கும்.

பதில்: அம்மாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட வேண்டும், 60 தாண்டியவர் என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேட்டவர்: சரி, இன்றே அம்மாவிடம் சொல்கிறேன். மிக்க நன்றி.