பணவீக்கத்துக்கு பிட்காயின் பாதுகாப்பா?

கேள்வி: பிட்காயின் மொத்தமே 2.1 கோடிதான், இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. டெபாசிட்டை எடுத்து இதில் போட்டால் விலைவாசி உயர்விலிருந்து தப்பலாமா?

பதில் 1: வரத்து கட்டுக்குள் இருப்பது உண்மைதான். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைகளைப் பதியும் ஒரு தொகுப்பு) உருவாகும் புது காயின் 6.25-லிருந்து 3.125 ஆனது. ஆனால் விலையை ஆட்டி வைப்பது தேவை. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1%. காப்பாற்ற வேண்டிய அந்த நேரத்தில்தான், 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போன பிட்காயின் ஒரே வருஷத்தில் 16,000-க்குச் சரிந்தது. வட்டி ஏறினால் இதுவும் பங்குகளோடு சேர்ந்து விழுகிறது. அவசரத்துக்கு வைத்த பணத்தைத் தயவுசெய்து தொடாதீங்க.

பதில் 2: வரியையும் கணக்கில் சேருங்க. லாபத்தில் 30%, அதன்மேல் 4% செஸ். 6% பணவீக்கத்தை ஈடுகட்டவே 8.7% ஏறணும். ஒரு காயின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

பதில் 3: அர்ஜென்டினாவில் அந்த நாட்டுப் பணமான பெசோவிலிருந்து தப்ப நிறைய பேர் வாங்குவது பிட்காயின் இல்லை, யுஎஸ்டிடி என்ற வேறொரு கிரிப்டோ காயின். அது டாலரோடு கட்டியது, டாலரும் அச்சடிக்கிற பணம்தான்.