மறுமொழி: ‘மையஞ்சூழ் தேவாலயம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமாகவோ பல்கோணமாகவோ அமையும் தேவாலயத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் வந்த சொற்களைப் பற்றி இந்த மறுமொழி.

‘மையஞ்சூழ் தேவாலயம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கடல்சூழ் இலங்கை’ என்றால் கடல் இலங்கையைச் சூழ்கிறது. அந்த வழக்கின்படி, மையம் எதையோ சூழ்வதாகப் பொருள் வந்துவிடும். இங்கே சூழப்படுவதே மையம்தான். ‘வட்டக் கோயில்’ என்பதும் ஒத்துவராது. ரோமின் சாந்தா கொஸ்தான்சா ஆலயம் வட்டம். இத்தாலிய நகரான ராவென்னாவின் சான் விதாலே ஆலயம் எண்கோணம்.

என் பரிந்துரை ‘மையநோக்குத் தேவாலயம்’. மையநோக்கு விசையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம், தனி விளக்கம் வேண்டாம். ராவென்னாவில் ஆயர் நெயோன் 5ஆம் நூற்றாண்டில் அழகுபடுத்திய திருமுழுக்கு மண்டபத்தைப் பாருங்கள். நடுவில் தொட்டி. அதற்கு நேர் மேலே, குவிமாடத்தின் உச்சியில், யோர்தான் ஆற்றில் நிற்கும் இயேசு. அவரைச் சுற்றித் திருத்தூதர் பன்னிருவர் வளையமாக நடந்து வருகிறார்கள். சுவர், கூரை, ஓவியம் எல்லாமே அந்த ஒரு புள்ளியை நோக்குகின்றன.

சான் விதாலேயில் பலிபீடம் நடுவில் இல்லையே என்ற கேள்வி நியாயமானது. 547இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயத்தில் எட்டுப் பெருந்தூண்களும் குவிமாடமும் நம்மை நடுவில் நிறுத்துகின்றன. பலிபீடம் கிழக்கே இழுக்கிறது. அந்த இழுபறியில்தான் அதன் அழகே இருக்கிறது. ஆனால் நாம் பெயர் தேடுவது கட்டட அமைப்புக்கு, வழிபாட்டுத் திசைக்கு அல்ல. தூண்களுக்கு வெளியே சுற்றிவரும் நடைவழிக்கு, நம் கோயில்களில் வழங்கும் ‘சுற்றாலை’ போதும்.

சிறு துண்டுகளைப் பதித்து ஆக்கும் இந்த ஓவியங்களை ‘மொசைக்’ என்றே விட்டுவிடலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் வீடுகளில் மொசைக் தரை என்பது சிமெண்டில் கல்துகள் கலந்து, தேய்த்து மெருகேற்றியது. ‘பதிகல் ஓவியம்’ கல்லை மட்டுமே சொல்கிறது. ராவென்னாவின் தங்கப் பின்னணியோ கண்ணாடி: இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு இடையில் மெல்லிய தங்கத்தாள். ஈரச் சாந்தில் அவற்றைச் சற்றே சாய்த்துப் பதித்ததால்தான், நாம் நகர நகர ஒளி இடம் மாறி மினுங்குகிறது. சான் விதாலேயில் பைசாந்தியப் பேரரசி தெயொதோராவின் அங்கி ஓரத்தில், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை ஏந்தி வரும் மூன்று ஞானிகளைக்கூடச் சில்லுகளாலேயே தீட்டியிருக்கிறார்கள். எனவே ‘சில்லோவியம்’, ஒவ்வொரு துண்டும் ‘சில்லு’. கல்லுக்கும் கண்ணாடிக்கும் இது பொதுவாக நிற்கும்.

இன்னொன்று. வேளாங்கண்ணியால் ‘பசிலிக்கா’ நமக்குப் பழகிய சொல். ஆனால் அங்கே அது திருத்தந்தை வழங்கிய தகுதி. கட்டட வடிவத்தைக் குறிக்கும் இடங்களில் ‘நீள்மண்டபத் தேவாலயம்’ என்று எழுதலாமா? மாற்றுச்சொல் இருந்தால் தெரிவியுங்கள்.