புதுப்பிப்பு: மார்பக லிஃப்ட் + இம்ப்ளான்ட், ஆறு மாதம் கழித்து

மதுரையில் மார்பக லிஃப்ட்டும் (தொய்வைத் தூக்கி நிறுத்தும் அறுவை) சிலிகான் இம்ப்ளான்ட்டும் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) சேர்த்துச் செய்துகொண்ட பத்தாம் நாள், தூக்கமே வரவில்லை, இடது பக்கம் மேலே ஏறி நிற்கிறது என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தூக்கத்துக்குக் கைகொடுத்தது நீங்கள் சொன்ன ஈசிசேர் யோசனைதான். காரைக்குடி வீட்டு வளவில் கிடந்த ஐயாவின் பழைய சாய்வு நாற்காலியைத் துடைத்து, இரண்டு முழங்கைக்கும் அடியில் தலையணை கொடுத்து, மூன்று வாரம் அதில்தான் படுத்தேன். கட்டிலில் தலையணை அடுக்கிப் பார்த்தேன், நடுராத்திரியில் சறுக்கிவிடுகிறது.

இடது பக்கம் தானாக இறங்கிவிட்டது. மூன்று மாதம் பிடித்தது. அந்தப் பொறுமை இல்லாமல் முதல் மாதமே கண்டாங்கிக்கு ரவிக்கை தைத்தேன். வீக்கம் வடிந்ததும் தொளதொள. தையல் கூலி போச்சு.

நினைக்காதது எங்கள் தேக்கு நிலைக்கதவு. இரண்டாம் வாரம் மறதியாகத் தள்ளிவிட்டேன், உள்ளே சுரீர் என்றது. அப்புறம் ஆச்சி என்னை அந்தக் கதவைத் தொடவே விடவில்லை. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்றும் யாரும் சொல்லவில்லை.

தழும்புக்கு, காயம் முழுதாக மூடிய பிறகு, ஆறாம் வாரத்திலிருந்து சிலிகான் டேப். தட்டையாகிவிட்டது, சிவப்பு இன்னும் இருக்கிறது; வெளிற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாமாம். வலது காம்பில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது.

மாமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேவுக்குப் போகிறவர்கள் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டியிருக்கும்.