சாண எரிவாயு ஜெனரேட்டர் லோடு ஏத்தினா அணைஞ்சிருது – உதவி தேவை

கல்லிடைப் பண்ணை:
அம்பாசமுத்திரம் பக்கம் பால் பண்ணை, 25 மாடு. மிதக்கும் டிரம் கலன்ல இருந்து தென்னந்தோப்பு வழியா 60 மீட்டர் 1 இஞ்ச் பைப் புதைச்சு, 10 கிலோவாட் கேஸ் ஜெனரேட்டருக்கு வருது. லோடு இல்லாம நல்லா ஓடுது. கறவை மெஷினும் தண்ணி மோட்டாரும் சேர்த்து 6 கிலோவாட் போட்டா சத்தம் ஏறி இறங்கி அணைஞ்சிருது. விடியக்காலைல ரொம்ப மோசம். பிளக் புதுசு, டிரம்ல கேஸ் நிறைய இருக்கு. புளோயர் வச்சு இழுக்கலாமா?

பேட்டை லேத்:
அண்ணாச்சி, புளோயர் இப்ப வேண்டாம். எஞ்சின் வால்வுக்கு முன்னாடி ஒரு டி (மூணு வழி பைப் இணைப்பு) போட்டு, தெளிவான ட்யூபை யூ மாதிரி வளைச்சு தண்ணி ஊத்திப் பாருங்க. லோடு போட்டதும் தண்ணி மேலயும் கீழயும் துள்ளினா பைப்புக்குள்ள தண்ணி தேங்கி நிக்குது. துள்ளாம ஒரே சீரா இறங்கினா பைப் சிறுசு, இல்லன்னா ஃபில்டர் அடைப்பு. 6 கிலோவாட்டுக்கு மணிக்கு 4 கன மீட்டர் கேஸ் வேணும். 1 இஞ்ச் பைப் 60 மீட்டர்னா அதுலயே, ட்யூப்ல தெரியுற தண்ணி உயரக் கணக்குல, 2.5, 3 செ.மீ. அழுத்தம் போயிரும், ஒன்றரை இஞ்ச்ல அரை செ.மீ. கூட போகாது.

ஜாரியா ஷிஃப்ட்:
நிலக்கரிச் சுரங்க மீத்தேன்ல எஞ்சின் ஓட்டுற இடத்துலயும் பைப்ல தேங்குற தண்ணி பெரிய தலைவலி. புளோயரைப் பத்தி ஒண்ணு, தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. அது இழுக்கிற பக்கம் ஒரு ஜாயிண்ட் விட்டிருந்தாலும் வெளிக்காத்து உள்ள வரும். காத்துல மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தா வெடிக்கும். சுரங்கத்துல பம்பு வச்சுத்தான் இழுக்காங்க. ஆனா மீத்தேன் மீட்டர் எந்நேரமும் ஓடும், 30 சதவீதத்துக்குக் கீழ உள்ள கேஸை எஞ்சினுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்கறது அங்க பொதுவான எல்லை. மீட்டர் இல்லாம இழுக்கவே இழுக்காதீங்க.

கல்லிடைப் பண்ணை:
ட்யூப் வச்சுப் பாத்தாச்சு. 8 செ.மீ.க்கும் 2க்கும் நடுவுல துள்ளுது.

பேட்டை லேத்:
அப்ப தண்ணியேதான். கலன்ல இருந்து கேஸ் முழு ஈரத்தோட கிளம்புது; பைப் குளிர்ந்ததும் பள்ளத்துல தேங்குது. விடியக்காலைல மோசமாகறது அதனாலதான். பைப்பைத் தோண்டி, 100க்கு 1 சரிவுல ரெண்டு பக்கமும் ஒரே தாழ்வான இடத்துக்கு வாட்டம் குடுங்க. அங்க கீழ பாத்து ஒரு டி, அதுல இறங்குற பைப் ஒரு தண்ணித் தொட்டிக்குள்ள 25 செ.மீ. முங்கி நிக்கணும். டிரம் அழுத்தம் 10 செ.மீ.தான், அதனால கேஸ் வெளிய வராது. சேருற தண்ணி தானா வழிஞ்சிரும். கோடைல தொட்டித் தண்ணி வத்திச்சுன்னா கேஸ் கசியும், வாரம் ஒருக்கா பாருங்க. குழியை மூடாதீங்க, பக்கத்துல பீடி கூடாது. தோண்டுறப்பவே ஒன்றரை இஞ்சா மாத்திருங்க.

சாண கேஸ்ல இருக்கிற கந்தக வாயுவை (ஹைட்ரஜன் சல்பைடு) பிடிக்கிற ஃபில்டர் இந்தத் தொட்டிக்கு அப்புறம் வரணும். அதுக்குள்ள போட, லேத்ல கடையும்போது விழுற இரும்புச் சுருள் துருப்பிடிச்சது போதும். எஞ்சின் ஆயில் சீக்கிரம் கருத்து, பித்தளை பாகமும் கருத்துச்சுன்னா சுருள் தீர்ந்துபோச்சு. பழைய சுருளை நனைச்சுத்தான் வெளிய போடணும். காத்துப் பட்டா சூடேறி, காய்ஞ்ச ஓலைப் பக்கம் கிடந்தா தீப்பிடிக்கும்.

25 மாட்டுச் சாணம் 300 கிலோன்னா நாளைக்கு 12 கன மீட்டர் கேஸ். 6 கிலோவாட்ல 3 மணி நேரம் ஓடும். காலைக் கறவைக்கும் சாயங்காலக் கறவைக்கும் பிரிச்சு வச்சுக்கோங்க அண்ணாச்சி, தண்ணி மோட்டாரை ஈபி கரண்டுல போட்டுருங்க.