ஃப்ளை ஃபிஷிங் கைடு: கட்டணம், முன்பணம், ரத்து விதி பற்றிச் சில சந்தேகங்கள்

புதுத்தூண்டில்:

அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோடையில் ஒரு நாள் ட்ரவுட் மீன் உள்ள ஆற்றுக்குப் போக ஆசை. கைடு வைத்துப் போவது எனக்கு இதுதான் முதல்முறை. குளத்தில் ஃப்ளை ராட் (பூச்சி போலக் கட்டிய ஃப்ளை என்னும் போலி இரையை வீசும் தூண்டில் கோல்) வீசிப் பழகியிருக்கிறேன், ஓடும் ஆற்றில் வீசியதில்லை. அப்பா காலமெல்லாம் புழு மாட்டி மீன் பிடித்தவர், ஃப்ளை ராடைக் கையில் எடுத்ததே கிடையாது. முழங்கால் வலியும் உண்டு.

இரண்டு கைடுகளிடம் விசாரித்தேன். முதலாமவர் படகுக் கணக்கில் விலை சொல்கிறார். ஒருவர் வந்தாலும் இருவர் வந்தாலும் ஒரே தொகை. அரை நாள் என்றால் பாதி விலை இருக்கும் என்று நினைத்தேன், கிட்டத்தட்ட முக்கால் பங்கு கேட்கிறார். பதிவு செய்யும்போதே பாதிப் பணம் கட்ட வேண்டும். பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் நாம் ரத்து செய்தால் அது திரும்ப வராது. மழை பெய்தாலும் பயணம் உண்டு என்று எழுதியே கொடுத்திருக்கிறார். இரண்டாமவர் ஆள் கணக்கில் சொல்கிறார், இரண்டு பேருக்கும் கூட்டிப் பார்த்தால் குறைவுதான். முன்பணம் எதுவும் வேண்டாம், வந்து பேசிக்கொள்ளலாம் என்கிறார்.

மனசு இரண்டாமவர் பக்கம் சாய்கிறது. ஆனால் முதலாமவர் சொன்னதற்கெல்லாம் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. இவ்வளவு தொகை எதற்கெல்லாம் போகிறது? மழைக்குக்கூடப் பணம் திரும்பாது என்பது நியாயமா? கடைசி நேரத்தில் அப்பாவுக்குக் கால் முடியாமல் போனால் என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓடுநீர்:

வணக்கம் நண்பரே. ஆற்றோட்டத்தோடு மிதந்துபோகும் டிரிஃப்ட் படகில் ட்ரவுட்டுக்கு ஆட்களை அழைத்துப் போவதுதான் என் தொழில். கைடு பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் படகுக் கணக்கு. நீங்கள் வாங்குவது என்னுடைய ஒரு நாளை. டிரிஃப்ட் படகில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இருந்து வீசலாம், நடுவில் துடுப்போடு நான். மூன்றாவது ஆள் வந்தால் இன்னொரு படகும் இன்னொரு கைடும் வேண்டும். ஒருவர் மட்டும் வந்தாலும் எனக்கு அதே தூரம், அதே துடுப்பு. வாடகைக் காரில் ஒருவர் ஏறினாலும் மூவர் ஏறினாலும் வாடகை மாறுவதில்லை, இதுவும் அப்படித்தான். நீங்கள் இருவர் போவதால் உங்களுக்கு இது நல்ல கணக்கு. ஆள் கணக்கில் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: உங்கள் இருவரோடு வேறு யாரையாவது சேர்ப்பாரா? ஒரு கைடுக்கு நான்கு பேர் என்றால், முதல்முறை வீசுகிற உங்கள் அப்பா பக்கத்தில் நின்று சொல்லித்தர அவருக்கு நேரமே இருக்காது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

அரை நாள் என்பது பெரும்பாலும் 4 மணி நேரம், முழு நாள் 8 மணி நேரம். நேரம் பாதியானாலும் வேலை பாதியாவதில்லை. முந்தின இரவு லீடர் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நூல்) கட்டுவது, ஃப்ளை பெட்டியை நிரப்புவது, விடியுமுன் படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போவது எல்லாம் அப்படியேதான் இருக்கும். படகு ஆற்றோடு கீழே போய்விடும், என் வண்டி மேலேயே நிற்கும். அதைக் கரையேறும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு வர ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், ஷட்டில் என்போம். அதுவும் குறையாது. மீதி அரை நாளை வேறொருவருக்கு விற்க முடிவதும் அபூர்வம்.

இது போக இன்சூரன்ஸ், ஆற்றில் தொழில் நடத்துவதற்கான அனுமதிக் கட்டணம், உங்களுக்குக் கொடுக்கும் ராட், ரீல், வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடும் நீர் புகாத உடை), மரக்கிளையில் மாட்டி அறுந்துபோகும் ஃப்ளைகள். இந்த ஃப்ளை விஷயத்தை மட்டும் முன்பே கேளுங்கள். சிலர் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள், சிலர் சாயங்காலம் எண்ணிப் பார்த்துத் தனியாகக் கேட்பார்கள். புதிதாக வீசுபவர் கையில் ஃப்ளை நிறையப் போகும், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மீன்பிடி லைசென்ஸ் பெரும்பாலும் கட்டணத்தில் சேராது, அவரவர் பெயரில் எடுக்க வேண்டும். டிப்ஸ் இடத்துக்கு இடம் மாறும். நேரடியாகக் கேட்டுவிடுங்கள், எந்தக் கைடும் தப்பாக நினைக்க மாட்டார்.

முன்பணத்துக்கு வருகிறேன். நல்ல ஆற்றில் சீசன் குறுகியது. மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை என்று மீனுக்கு இரையாகும் பூச்சிகள் நீரிலிருந்து கூட்டமாக எழுகிற வாரங்கள் இன்னும் குறுகியவை. அந்த வாரங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே ஆட்கள் கேட்பார்கள். உங்கள் பெயரை ஒரு தேதியில் எழுதிய நிமிடத்திலிருந்து அதே தேதிக்கு வருகிற மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு மாதம் முன்னால் வேண்டாம் என்று சொன்னால் வேறு ஆள் கிடைப்பார். முந்தின வாரம் சொன்னால் அந்த நாள் வருமானம் எனக்குப் போயிற்று. 30 நாள் கெடு வைப்பது அதற்காகத்தான். தங்குமிடமும் சேர்ந்த பயணம் என்றால் 60, 90 நாள்கூடக் கெடு வைப்பார்கள். நான் வாங்குவது கால் பங்கு முன்பணம். பாதி கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதியவர்களுக்கு இதில்தான் மனத்தாங்கல் அதிகம். மேகம் மூடித் தூறல் விழுகிற நாள் ட்ரவுட்டுக்கு நல்ல நாள். வெளிச்சம் மங்கலாக இருப்பதால் மீன் மேலே வரத் தயங்காது. பிளூ விங்டு ஆலிவ் என்றொரு சின்ன மேஃப்ளை இருக்கிறது, அது எழுவதே இந்த மாதிரி நாட்களில்தான் அதிகம். ஈரக்காற்றில் இறகு சீக்கிரம் காயாது. பறக்க முடியாமல் தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டு வரும், மீன்கள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக உறிஞ்சும். வானம் இருட்டியிருக்கிறது என்று அந்த நாளை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு தாங்காது.

மின்னல் அப்படி இல்லை. கிராஃபைட் ராட் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் ராடை வைத்துவிட்டுக் கரையேறிவிடுவோம், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்குவோம். மேற்பகுதியில் பெருமழை கொட்டி ஆறு சேறாகப் பெருகி வந்தால் கதையே வேறு. படகு இறக்குவதும் ஆபத்து, கலங்கிய நீரில் மீன் கண்ணுக்கு ஃப்ளை தெரியவும் தெரியாது. அது கைடே ரத்து செய்ய வேண்டிய நாள். தூறல், மின்னல், வெள்ளம் மூன்றுக்கும் என்ன செய்வார் என்று முதலாமவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் யோசியுங்கள்.

முன்பணம் வாங்காதவரை மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தேதியைக் காப்பாற்ற அவரைக் கட்டுப்படுத்துவது எதுவும் இல்லை. அதே நாளுக்குப் பெரிய குழு ஒன்று வந்தால் உங்கள் நிலைமை என்ன?


கரைமரம்:

ஓடுநீர் சொன்னதில் பெரும்பகுதி சரி. நான் வாடிக்கையாளர் பக்கம். நாம் ரத்து செய்தால் என்ன என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள், அவர்களே ரத்து செய்தால் என்ன என்பதை எழுதுவதில்லை. எனக்கு வலித்தது அந்த இடத்தில்தான்.

விடுமுறை எடுத்து, விமானம் ஏறிப் போயிருந்தேன். முந்தின நாள் ஆறு கலங்கிவிட்டது என்று கைடே ரத்து செய்தார். முடிவு சரிதான், உயிர் முக்கியம். ஆனால் பணத்தைத் தரவில்லை, ஒரு வருடத்துக்குள் வேறு தேதியில் வந்து கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் ஒரு வருடத்துக்குள் யார் திரும்பப் போவது? கேட்டதற்கு விதி அப்படி என்று பதில் வந்தது. அந்த விதி பதிவு செய்த பக்கத்தில் இல்லை, பணம் கட்டிய பிறகு வந்த மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே முழு விதியையும் எழுத்தில் வாங்குங்கள். கைடுகளை அனுப்பும் தூண்டில் கடை மூலமாகப் பதிவு செய்தால் எந்தக் கைடு வருவார் என்பதும் அதில் இருக்கட்டும். ஒருவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துப் பதிவு செய்கிறோம், அன்று காலையில் வேறொருவர் வந்து நிற்கிறார். கடைக்கு யாராக இருந்தாலும் சரி, நமக்கு அப்படி இல்லையே.


ஓடுநீர்:

கரைமரம் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். நான் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப, அல்லது வேறு தேதி. எது வேண்டும் என்று முடிவெடுப்பது பதிவு செய்தவர்தான், நான் இல்லை. பக்கத்தில் அணைக்குக் கீழே ஓடும் ஆறு ஏதாவது இருந்தால் மழைக்கு அது அவ்வளவு சீக்கிரம் கலங்காது, அங்கே போகலாமா என்றும் கேட்பேன். அதற்குச் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் அவருக்குக் கிடையாது. இதெல்லாம் முந்தின மாலையே தொலைபேசியில் பேசிவிடுவேன்.

வாடிக்கையாளர் கடைசி 30 நாளுக்குள் ரத்து செய்து, அந்தத் தேதிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரே நாளை இரண்டு பேருக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வரி உங்கள் கைடின் விதியில் இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

அப்பா விஷயம். ஆற்றில் இறங்கி நடந்து வீசும் வேடிங் பயணம் வேண்டாம். வழுக்குப் பாறையில், ஓடும் நீரில் நடப்பது நல்ல முழங்காலையே சோதிக்கும். படகில் முன்பக்கம் தொடையை அண்டக்கொடுத்து நிற்க வளைவு இருக்கும், நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தே வீசலாம். படகில் ஏறி இறங்கும் இடம் எப்படி, நடுவில் எத்தனை முறை இறங்க வேண்டும் என்பதை முன்பே கேளுங்கள். அவரால் வர முடியாமல் போனால் அவர் இடத்தில் வேறொருவரை அழைத்து வரலாமா என்றும் கேளுங்கள். படகுக் கணக்கு என்பதால் கைடுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, சம்மதிப்பார். மாற்று ஆளும் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.


மெல்லியநூல்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் வீசும் பயிற்சி எங்காவது கிடைத்தால் செய்துவிடுங்கள். புல்தரையில் கற்க வேண்டியதைப் படகில் கற்றால், முழுநாள் கட்டணத்தில் காலைப்பொழுது அதிலேயே போய்விடும். என் மனைவிக்கு அப்படித்தான் செய்தோம், முதல் மீன் அவளுக்குத்தான் கிடைத்தது. அப்புறம், சந்திக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். நீங்கள் தாமதமாகப் போனால் அந்த நேரம் உங்கள் கணக்கில்தான் கழியும்.


புதுத்தூண்டில்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பேரிடமும் மறுபடி பேசினேன். ஆள் கணக்கில் சொன்னவர் அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். முதலாமவர் வெள்ளம் என்றால் முழுப் பணமும் தருகிறேன், அப்பாவுக்குப் பதில் வேறு ஆளும் வரலாம், இரண்டையும் எழுதித் தருகிறேன் என்றார். அவரிடமே பதிவு செய்யப் போகிறேன்.

கிடைக்கிற தேதி ஜூலைக் கடைசியில். அதற்கு அவர் ஒன்று சொன்னார்: அன்று வெப்பம் அதிகமாக இருந்தால் விடியலில் தொடங்கி மதியத்தோடு முடித்துவிடுவோம், கட்டணம் மாறாது. மழைக்கு வாதாடிய எனக்கு வெயிலுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. இது சரியா?


ஓடுநீர்:

அவர் மதியத்தோடு முடிக்கிறேன் என்று சொன்னதைக் கேட்டு எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஆற்று நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தூண்டிலில் போராடிக் களைத்த மீனை எவ்வளவு பத்திரமாகத் திரும்ப விட்டாலும் அது பிழைக்காமல் போக வாய்ப்பு அதிகம். நீந்திப் போவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம், கொஞ்ச நேரத்தில் அது கீழே எங்காவது செத்து ஒதுங்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் இதற்கு விதியே உண்டு. தொடர்ந்து 3 நாள் நீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றை மீன்பிடிக்கு மூடிவிடலாம். அந்த நேரத்தில் கைடு நினைத்தாலும் தூண்டில் போட முடியாது.

கட்டணம் மாறாது என்பதில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். விடியலில் இறங்கி மதியம் வரை 7, 8 மணி நேரம் கிடைத்தால் அது முழு நாள்தான், அதே கட்டணம் நியாயம். தாமதமாகத் தொடங்கி 4, 5 மணி நேரத்தில் முடித்தால் அது அரை நாள், அரை நாள் கட்டணம்தான் வாங்க வேண்டும். எத்தனை மணிக்குப் படகு இறங்கும், குறைந்தது எத்தனை மணி நேரம் ஆற்றில் இருப்போம் என்று கேளுங்கள். நீரின் வெப்பத்தை அவரே அளக்கிறாரா, எத்தனை டிகிரியில் நிறுத்துவார் என்பதையும் கேளுங்கள். நல்ல கைடு எண்ணாகவே சொல்வார்.

இந்த ஒரு வரியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணத்தைக் கட்டிவிடுங்கள். ஜூலைத் தேதியைப் பணம் வராமல் அதிக நாள் பிடித்துவைக்க மாட்டார்கள்.