இசட் புள்ளிக்கு ஒரு தமிழ்ச்சொல்

கிளிநொச்சி, ஆசிரியை:
உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு கைநூல் செய்கிறோம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் (Z) புள்ளி அதில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'இசட் என்றால் கடைசி எழுத்தல்லவா டீச்சர், என் மகள் கடைசியோ?' என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். நல்ல சொல் இருந்தால் தாருங்கள். பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து இடையை (எல்லோருடைய சராசரியை) கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுப்பதுதான் விடயம். இடை 42, விலகல் 12 என்றால் 60 எடுத்தவருக்கு 1.5. இடை 60, விலகல் 10 என்றால் அதே 1.5க்கு 75 வேண்டும். மூன்று பாடத்தினதையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள்.

வவுனியா, கணித ஆசிரியர்:
'தரப்படுத்திய புள்ளி.' இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற அதிபர்:
தம்பி, கணக்கில் சரி, ஊரில் பிழை. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு, பரீட்சை எழுதிய மொழிமூலம் பார்த்துப் புள்ளியை மாற்றியதற்கும் தரப்படுத்தல் என்றுதான் பெயர். அச்சொல்லைக் கண்டால் என் வயதுக்காரர்கள் அடுத்த பக்கம் புரட்டமாட்டார்கள். பிறகு வந்த மாவட்டக் கோட்டாவால் வன்னிப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள்ளே போனதும் உண்மை, அது தனிக்கதை.

மன்னார், தமிழாசிரியர்:
'இசட்' தமிழ்ச்சொல்லே அல்ல. டகர மெய்யில் சொல் முடியுமா? குற்றியலுகரம் சேர்த்து 'இசட்டு' என்றாவது எழுதுங்கள். என் பரிந்துரை 'இடைவிலகற்புள்ளி'. இடையிலிருந்து எவ்வளவு விலகியது என்பது சொல்லிலேயே இருக்கிறது. விலகல், விலக்கு, விலங்கு எல்லாம் ஒரே வேராக இருக்கலாம்...

கிளிநொச்சி, ஆசிரியை:
ஐயா, விலங்கைப் பிறகு பிடிப்போம். பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளைத்தானே 'இடைவிலகியவர்கள்' என்கிறோம்? அவர்களுக்கும் புள்ளி போடுகிறார்களா என்று கேட்பார்கள்!

மன்னார், தமிழாசிரியர்:
அப்படியென்றால் 'விலகற்புள்ளி'.

வவுனியா, கணித ஆசிரியர்:
இடைக்குக் கீழே எடுத்தவருக்கு மைனஸ் வரும். மைனஸ் விலகல் என்றால் விலகவில்லை என்றல்லவா நினைப்பார்கள்? 'நியமப்புள்ளி' போடுவோம், நியம விலகலோடு ஒத்துப்போகும்.

மன்னார், தமிழாசிரியர்:
நியமம் வடசொல்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற அதிபர்:
பெறுபேறு வந்த அன்று பிள்ளைகள் 'இசட் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். அதையே போடுங்கள் மகள்.

கிளிநொச்சி, ஆசிரியை:
சரி, இசட் புள்ளி. 'இது இடத்தைக் குறிக்கும் எழுத்தல்ல' என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன். மன்னார் ஐயாவுக்காக அடைப்புக்குள் விலகற்புள்ளி.

மன்னார், தமிழாசிரியர்:
அடைப்புக்குள் இசட்டை வைத்திருக்கலாம்.