மலைவேம்பு நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா: பலன் உண்டா, வெறும் பவுடரா?

புளியரை நாற்றுக்காரன்:
ஆனிச் சாரலில் இரண்டாயிரம் மலைவேம்பு நாற்றில் பாதி போய்விட்டது. தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர்கோத்தது போல ஆகிறது, மறுநாள் சாய்ந்துவிடுகிறது. கடையில் கொடுத்த டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பவுடரைக் கரைத்து ஊற்றினேன், கூடவே பூஞ்சைக்கொல்லி மருந்தான கார்பண்டாசிம் லிட்டருக்கு ஒரு கிராம். ஒன்றும் நிற்கவில்லை. பூஞ்சையை வைத்துப் பூஞ்சையை விரட்டுவதெல்லாம் காசு பிடுங்கும் வேலை. மலைவேம்பு விதை முளைப்பதே அரிது, முளைத்ததும் போனால் வயிறு எரியாதா?

ஆரியங்காவு மிளகுக்கொடி:
அண்ணாச்சி, இரண்டையும் ஒரே வாளியிலா கலந்தீர்கள்? கார்பண்டாசிம் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். இவ்வளவு ஈரத்தில் நாற்றை அழுக வைப்பது பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமி. அது உண்மையான பூஞ்சை இனமே இல்லை, கார்பண்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனை அடித்துப் போட்டிருக்கிறீர்கள்.

புளியரை நாற்றுக்காரன்:
சரி, அது என் தப்பு. ஆனால் அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் ஊற்றினேன், இரண்டு நாளில் சாய்வது நின்றது. பிறகு எதற்கு இந்த உயிர்ப் பவுடர்?

ஆரியங்காவு மிளகுக்கொடி:
அழுகல் வந்த பிறகு ஊற்றினால் அது தோற்கத்தான் செய்யும். முன்னதாகவே மண்ணில் குடியேற வேண்டும். எதிரியின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரை நொதியால் கரைத்துத் தின்னும். ரைசோக்டோனியா என்ற அழுகல் பூஞ்சையை இப்படித் தின்பதை வெயின்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932-லேயே எழுதிவிட்டார்.

எங்கள் பக்கம் மிளகு நாற்றுக்குச் செய்வதைச் சொல்கிறேன். மட்கிய சாணம் 90 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா ஒன்றிரண்டு கிலோ. புட்டுமாவு பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி, ஒரு வாரத்தில் கிளறிவிட வேண்டும். பதினைந்து நாளில் பச்சை படர்ந்திருக்கும், அதைப் பை மண்ணில் கலக்கலாம். வெறும் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது, கட்டுச்சோறு கொடுக்காமல் ஆளை மலைக்கு அனுப்புவது மாதிரி.

காளான் கொட்டகை:
அந்தப் பச்சையைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும். சிப்பிக்காளான் படுக்கையில் வந்தால் பையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். தயவுசெய்து காளான் கொட்டகைப் பக்கம் கொண்டுவந்து கிளறாதீர்கள். ஆனால் அதற்கு மற்ற பூஞ்சையைத் தின்னத் தெரியாது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்!

செங்கோட்டைத் தேக்கு:
நோயை விடுங்கள். வேம் என்கிற வேர் உட்பூசணத்தைப் போட்டால் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கூடுதலாக இழுத்துக் கொடுக்கும், தேக்கு நாற்று தடிமனாக வரும். எல்லா நர்சரியும் கட்டாயம் போட வேண்டும்.

ஆரியங்காவு மிளகுக்கொடி:
கட்டாயம் என்பதை ஏற்கமாட்டேன். செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பும் பையில் அது பெரும்பாலும் தானாகவே இருக்கும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு என்றால் போடலாம். அதிலும் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால் வேர் அதைச் சேர்த்துக்கொள்ளாது. பைன் கதை வேறு. வேரை உறை போல மூடும் இன்னொரு வகைப் பூஞ்சை அதற்கு வேண்டும். அது இல்லாத நாடுகளில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே நாற்று பிழைத்தது.

புளியரை நாற்றுக்காரன்:
அடுத்த விதைப்பில் முந்நூறு பைக்குச் சாணக்கலவை, முந்நூறு பைக்கு வெறும் மண். காப்பர் டப்பாவை மட்டும் வீச மாட்டேன், சாரல் உங்கள் பதினைந்து நாளுக்குக் காத்திருக்காது.

அப்புறம் ஒன்று. இப்போதுதான் டிரைக்கோடெர்மா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்து ஒன்பது மாதமாகிறது, கடையில் அதை வைத்திருந்தது தகரக் கூரைக்கு அடியில்.

ஆரியங்காவு மிளகுக்கொடி:
அப்படியானால் கார்பண்டாசிம் மேல் நான் போட்ட கொலைப்பழியில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அண்ணாச்சி.